முப்பத்து நான்காம் பெட்டி

அவள் வரப்போகிறாள் என்று செயலாளர் அண்ணாச்சி சொன்னபோது நான் கையில் ஒட்டடைக் கம்போடு மாடிப்படியில் நின்றிருந்தேன்.

"சென்னையில பெரிய ஆவணக் காப்பகத்துல வேலை பாத்தவங்களாம்மா. வெளிநாட்டுக்கெல்லாம் போயி ட்ரெயினிங் எடுத்திருக்காங்க. நம்ம ஊர்ப் பொண்ணுதான்," என்றார். பெயரையும் சொன்னார்.

"தெரியும் அண்ணாச்சி. என்கூடப் படிச்சவதான்," என்றேன். ஒரு நொடி விட்டு, "ரெண்டாவது ரேங்க்," என்று சேர்த்துக்கொண்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

நூலக அறிவியல் படிப்பில் நான் முதலாவது, அவள் இரண்டாவது. இரண்டு வருடமும் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்ததும் எனக்குக் கல்யாணம் ஆனது. புகுந்த வீடு இதே தூத்துக்குடியில் பலசரக்குக் கடை. இரண்டு பிள்ளைகள். சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு இந்த நூலகத்தில் சேர்ந்தேன். துறைமுகத்துக்குப் போகிற வழியில், ஒரு அறக்கட்டளை நடத்துகிற சின்ன நூலகம். கீழே பத்திரிகை படிக்கிற கூடம். மேலே பழைய காகிதங்கள். மூடிப்போன ஒரு தோணி வியாபார வீட்டார் தங்களிடம் கிடந்ததையெல்லாம் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கொழும்புக்குப் போன தோணிகளின் தண்டல்கள், அதாவது தோணியை ஓட்டிப் போன தலைவர்கள், கரைக்கு எழுதிய கடிதங்கள். முத்துச் சலாபம் என்கிற முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் கடற்கரையில் போட்ட கூடாரங்களின் நாட்குறிப்புகள். கடலில் மூழ்கி முத்தெடுத்த குளியாட்களின் பட்டியல்கள். மொத்தம் அறுபத்திரண்டு பெட்டி.

ஒன்பது வருடமாக அவை என் பொறுப்பு. நான்கு நீள நோட்டுகளில் ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று எழுதினேன். பிறகு அதையே எக்ஸெலில் அடித்தேன். யாராவது வந்து கேட்டால் நோட்டைக்கூடத் திறக்க மாட்டேன். நேராக மாடிக்குப் போய் எடுத்து வந்து மேசையில் வைப்பேன். "எப்படி மேடம் ஞாபகம் வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் வந்த முதல் நாள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "ஏளா, அப்படியே இருக்க!" என்றாள். அவள் அப்படியே இல்லை. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். தோளில் மடிக்கணினிப் பை. அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கடற்கரைத் தெருவில் உள்ள வீட்டில் துணைக்கு ஆளில்லை, அதனால்தான் ஊருக்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. அதைக் கேட்டபோது பாவமாகத்தான் இருந்தது. ஆனால் 'ம்மா, அந்த ஃபேனைப் போடு' என்று ஒன்பது வருடமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த செயலாளர், தானே எழுந்து போய் அவளுக்காக ஃபேன் சுவிட்சைத் தட்டியதும் பாவமெல்லாம் போய்விட்டது.

அவள் வந்தது ஒரு திட்டத்துக்காக. பத்து மாதத்தில் எங்கள் தொகுப்புக்கு இணையத்தில் ஒரு 'ஃபைண்டிங் எய்டு' தயார் செய்ய வேண்டும். உலகத்தில் எந்தக் காப்பகமும் படிக்கக்கூடிய ஒரே அமைப்பில், எந்தப் பெட்டியில் எந்தக் கோப்பு, அதை யார் எழுதினார்கள், எந்த வருடங்கள், எந்த மொழி, படிக்க யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் வரிசையாக இருக்கிற பட்டியல். அறக்கட்டளைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு கூட்டம் நடந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் கடைக்காரர்கள். அவள் கேட்டாள்:

"அண்ணாச்சி, உங்க கடையில எந்தச் சாமான் எந்தத் தட்டுல இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத்தான்," என்றார் ஒருவர்.

"நீங்க ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். "அவ்வளவுதான் அண்ணாச்சி இது. ஆள் இல்லாட்டாலும் சாமானைத் தேடி எடுக்கணும். அதுவும் கடைக்கு வராமலே, எங்கனயோ இருந்துக்கிட்டு."

இவ்வளவு எளிதாக அதை நான் சொல்லியிருக்க மாட்டேன். அதுதான் என்னை முதலில் குத்தியது. இரண்டாவதாக, அந்தக் கடைக்காரர் யாரென்று எனக்குப் புரிந்தது. ஊருக்குப் போய்விட வேண்டிய ஆள் நான்தான். அவள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் என் நோட்டுகளைக் கேட்டு வாங்கினாள். முழுவதையும் படித்தாள். மூன்று நாள் கழித்துப் பென்சிலோடு என் மேசைக்கு வந்தாள்.

"ஏளா, பெரிய வேலை பாத்திருக்க. ஒரு சந்தேகம். இங்கன 'தோணிக் கடிதம்'னு போட்டிருக்க. இங்கன 'தோணிக் காகிதம்'. இங்கன 'தண்டல் லெட்டர்'. மூணும் ஒண்ணா, வேறயா?"

"ஒண்ணுதான்."

"சரி. அப்ப ஒரே பேரா வச்சுக்கிடுவோம். பிறகு இது... 'முக்கியமானவை'ன்னு ஒரு தலைப்பு. 'மற்றவை'ன்னு ஒண்ணு." கொஞ்சம் தயங்கினாள். "யாருக்கு முக்கியம்னு தேடுறவங்களுக்குத் தெரியாதுல்லா?"

அவள் குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் சொன்னது சரி. ஒரு வருடம் இப்படி, மறு வருடம் அப்படி என்று கை போன போக்கில் எழுதியிருக்கிறேன். நானே போய் எடுத்து வருகிற வரைக்கும் அது யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அந்தத் தொகுப்பைப் பற்றி முன்னுரை போல ஐந்தாறு வரி எழுத வேண்டும். அது எப்படி உருவானது, எதில் நிறைய இருக்கிறது, எதில் ஒன்றுமே இல்லை என்று. அதை அவள் எழுதி எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினாள். 'சரியா இருக்கான்னு பாரு' என்று கேட்டிருந்தாள். அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். குளியாட்களின் பெயர்கள் இருக்கின்றன, ஆனால் அவர்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி இந்த அறுபத்திரண்டு பெட்டியிலும் ஒரு வரிகூட இல்லை என்று எழுதியிருந்தாள். ஒன்பது வருடம் அந்தக் காகிதங்களோடு இருந்த எனக்கு அது தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தவர் எட்டிப் பார்த்துப் படித்தார்.

"நல்லாருக்கே. நீயா எழுதுன?"

"இல்ல."

"பிறகு?"

"சோறு ஆறுது, உக்காருங்க," என்றேன். அன்றைக்கு அவரிடம் காரணமில்லாமல் நான்கு தடவை எரிந்து விழுந்தேன்.

படிக்க வருகிறவர்களும் மெல்ல மெல்ல அவள் மேசைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஆராய்ச்சி மாணவிகள் என்னிடம் செருப்பை எங்கே விடுவது என்று கேட்டுவிட்டு அவளிடம் மற்றதெல்லாம் கேட்டார்கள். அவள் ஒவ்வொரு தடவையும், "அவங்ககிட்டயும் கேளுங்க, அவங்களுக்குத்தான் உள்ளது தெரியும்," என்று என்னைக் காட்டுவாள். அதுவும் பிடிக்கவில்லை. என் இடத்திலிருந்து எனக்கே ஒரு துண்டு நறுக்கித் தருகிற மாதிரி இருந்தது.

பிப்ரவரி கடைசியில் ஒரு மத்தியானம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். இரண்டு பேரும் மாடியில்தான் இருந்தோம். காகிதம் பறக்கும் என்று ஃபேன் போடாமல் வேர்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏளா, முதல் இருபது பெட்டியைத் திறந்து உன் பட்டியலோட ஒத்துப் பாத்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு. மிச்சத்தையும் பாக்கணும்னா நாள் பத்தாது. பெட்டி நம்பரெல்லாம் நோட்டுல உள்ளபடிதான இருக்கு? உன்னை நம்பி அப்படியே ஏத்திரலாமா?"

"சரியாத்தான் இருக்கும்," என்றேன்.

சரியாக இருக்காது என்று எனக்குத் தெரியும். அவள் வருவதற்கு முந்தைய டிசம்பரில், ஊரே மிதந்த மழையில் எங்கள் நூலகத்தின் கீழ் அறையிலும் தண்ணீர் ஏறியது. முப்பத்தொன்றிலிருந்து நாற்பத்து நான்கு வரை பதினான்கு பெட்டிகள் அப்போது அங்கேதான் இருந்தன. நானும் வாட்ச்மேன் அண்ணாச்சியும் முழங்கால் தண்ணீரில் நின்று அவற்றை மாடிக்குத் தூக்கினோம். நல்லவேளை, உள்ளே இருந்த காகிதங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. ஆனால் அட்டைகள் ஊறிக் கையோடு வந்துவிட்டன. எங்கள் கடை மாடியில் கிடந்த சோப்பு அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து, காயக் காய எது கைக்கு வந்ததோ அதைப் போட்டு, வெளியே ஒரு எண்ணை எழுதினேன். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. நோட்டில் திருத்த வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்தேன். பிறகு தண்ணீர் வடிந்த வீட்டைக் கழுவுவதிலும் கடையைத் தூக்கி நிறுத்துவதிலும் அந்தத் தாள் எங்கே போனதோ தெரியாது. என் தலையில்தான் இருக்கிறதே, போதும் என்று விட்டுவிட்டேன்.

அவள் வந்த பிறகு அமிலமில்லாத நல்ல பெட்டிகள் வரவழைத்தாள். சோப்புப் பெட்டிகளிலிருந்து காகிதங்களைப் புதியவற்றுக்கு மாற்றி, அதே எண்களை அழகாக எழுதியவள் நான். அன்றைக்கும் சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சும்மா மறந்துதான் போனேன். பிப்ரவரியில் மறக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு சின்ன விழா வைத்து ஃபைண்டிங் எய்டை வெளியிட்டார்கள். மக்ரூனும் டீயும் கொடுத்தார்கள். திரையில் முதல் பக்கம் வந்தது. 'தயாரித்தவர்' என்று அவள் பெயர். கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் 'உதவி' என்று என் பெயர். அமைப்பில் அதற்கு அப்படித்தான் இடம் இருக்கிறது என்று அவள் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தாள். ஆனாலும் எல்லோர் முன்னாலும் அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்தபோது, நான் பிப்ரவரியில் செய்தது சரிதான் என்று தோன்றியது. வாயில் போட்ட மக்ரூன் கரைந்தது. நான் சிரித்துக்கொண்டே கை தட்டினேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு நாளுக்காகக் காத்திருந்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. யாராவது வருவார்கள். பட்டியலைப் பார்த்து ஒரு பெட்டியைக் கேட்பார்கள். அவள் திறப்பாள், அதில் அது இருக்காது. அவள் முகம் மாறும். அப்போது நான் எழுந்து, 'இரு, நான் எடுத்துத் தாரேன்' என்று போய், நேராகக் கையை வைத்து எடுத்து வருவேன். இந்தக் காட்சியைப் பஸ்ஸில் உட்கார்ந்து பார்ப்பேன். துணி துவைக்கும்போது பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அதில் அவள் முகம் கொஞ்சம் கூடுதலாக வாடும்.

ஜூனில் அவர் வந்தார். காயல்பட்டினத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். குவைத்தில் வேலை. விடுமுறை முடிந்து மறுநாள் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டும். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே போனை எங்களிடம் நீட்டினார். எங்கள் பட்டியல்தான் அதில் இருந்தது. 'முத்துச் சலாபத் தரகர்களின் கடிதங்கள், பெட்டி 34' என்ற வரியின் கீழே அவருடைய தாத்தாவின் பெயர்.

"எங்க வாப்பாவோட வாப்பா, அக்கா. கொழும்புல மவுத்தாயிட்டாங்க. அப்ப எங்க வாப்பாவுக்கு மூணு வயசு. அவுங்க முகமும் வாப்பாவுக்கு ஞாபகம் இல்ல, ஒரு போட்டோவும் இல்ல. குவைத்ல ரூம்ல படுத்துக்கிட்டுச் சும்மா பேரைப் போட்டுத் தேடுனேன். இது வந்துச்சு. வாப்பாவுக்கு இப்பக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. அவுங்க கையெழுத்தை ஒரு தடவை காட்டிட்டுப் போயிரணும்."

என்னுடைய நான்கு நோட்டுகளைப் படித்து ஒருவரும் குவைத்திலிருந்து வந்ததில்லை. அந்த நேரத்திலும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

அவள் போய் முப்பத்து நான்காம் பெட்டியை எடுத்து வந்தாள். திறந்தாள். உள்ளே தோணிச் சாமான் பட்டியல்கள் இருந்தன. பாய், கயிறு, நங்கூரம். அடி வரைக்கும் அதுதான். அவள் முகம் மாறியது. நான் பஸ்ஸில் பார்த்த முகம் போல அது இல்லை. வாடவில்லை, வெளிறிப்போனது. உதட்டை நனைத்துக்கொண்டு, "ஒரு நிமிசம் சார்," என்றாள்.

நான் எழுந்தேன். "இருங்க, நான் எடுத்துட்டு வாரேன்."

நேராக முப்பத்தெட்டுக்குப் போனேன். அதில் இல்லை. நாற்பத்தொன்று என்று நினைவு வந்தது. அதிலும் இல்லை. முப்பத்தாறு. குளியாட்கள் பட்டியல். அலமாரியின் முன்னால் நின்று கண்ணை மூடி அந்த மழை நாளை நினைத்துப் பார்த்தேன். சோப்பு வாசனைதான் ஞாபகம் வந்தது. எதை எதில் போட்டேன் என்பது வரவே இல்லை. தலையில்தான் இருக்கிறது என்று நான் நம்பியது தலையில் இல்லை. பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினேன். மேல்மூச்சு வாங்கியது. அவளும் வந்து இன்னொரு பக்கத்திலிருந்து திறக்க ஆரம்பித்தாள். மேல் தாள்களைப் புரட்டி மூடிவிட்டு அடுத்ததற்குப் போகிற அவசரத் தேடல்.

அவர் மத்தியான லுஹர் தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். மறுபடி காத்திருந்தார். நான்கு மணிக்கு எழுந்தார். "வீட்ல எல்லாரும் வந்திருப்பாங்க. நான் கெளம்புதேன்க்கா."

"கெடைச்சிரும் சார், நிச்சயம் இங்கதான் இருக்கு," என்றாள் அவள்.

"பரவால்ல. இருக்குன்னு தெரிஞ்சதே பெருசு," என்றார். பைக் கிளம்பிப் போகிற சத்தம் மாடிக்குக் கேட்டது. அவர் கோபப்பட்டு நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அவள் ஒரு கடிதத்தை என்னிடம் காட்டினாள். செயலாளருக்கு எழுதியது. 'எல்லாப் பெட்டிகளையும் திறந்து சரிபார்க்காமல் பட்டியலை வெளியிட்டது என் தவறு. முழுப் பொறுப்பும் என்னுடையது' என்று இருந்தது. என் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

"இதுல உன்னை இழுக்கல," என்றாள். "நான்தான் திறந்து பாத்திருக்கணும். படிச்ச முதல் பாடமே அதுதான்."

நான் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும்ளா," என்றேன்.

"என்ன தெரியும்?"

"நம்பர் மாறிக் கெடக்குன்னு. மழையில மாத்துனது நான்தான். நீ கேட்டப்பவும் தெரியும்."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. "மறந்துட்டியா?"

அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அவளே கொடுத்த வழி. "மறக்கல. தெரிஞ்சேதான் சொன்னேன்."

"ஏன்ளா?"

"பொறாமை." அந்தச் சொல்லை நான் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. வேறு யாரைப் பற்றியாவது சொல்லியிருப்பேன். "நீ வந்த அன்னையிலருந்து. அதுக்கு முன்னாலருந்தே இருக்கும்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது.

"உனக்கு என்னைப் பிடிக்கலைன்னு தெரியும்," என்றாள். "அது போகட்டும். காகிதத்துல பொய் சொல்லுவன்னு நான் நினைக்கல. உன் நோட்டைப் படிச்சேன்லா... அந்த நோட்டை எழுதுனவ செய்ய மாட்டான்னு நினைச்சேன்." கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்துப் பையில் போட்டாள். "அண்ணாச்சிகிட்ட நீயே போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். "அந்தக் காயல்பட்டினத்து ஆளுக்கு என்ன பதில் சொல்லுதது?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "மேடம் என்ன சொல்லுதாங்களோ அதைச் செய்யிம்மா," என்றார். அவர் என்னைத் திட்டியதாக வீட்டில் சொன்னேன். திட்டவில்லை.

அதற்கு அடுத்த நாள் அவள் இரண்டு ஜோடிக் கையுறையும் இரண்டு மாஸ்க்கும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "முப்பத்தொண்ணுலருந்து," என்றாள். அவ்வளவுதான் பேச்சு. இந்தத் தடவை புரட்டிப் பார்ப்பது கிடையாது, தாள் தாளாக. நான் படிக்க, அவள் அடிக்க. பழைய கையெழுத்தில் புள்ளி இருக்காது, சொற்களுக்கு நடுவே இடம் இருக்காது. எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அவளுக்கு ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆகும். நான் வாசித்துக்கொண்டே போகும்போது அவள் விரல் கூடவே ஓடும். அவள் என்னைப் பாராட்டவில்லை. நான் அதை எதிர்பார்த்தேன் என்பது எனக்கே வெட்கமாக இருந்தது.

முதல் வாரம் அவள் கீழே போய்ச் சாப்பிட்டாள், நான் மேலே.

நான்காவது நாள் அந்தக் கடிதங்கள் கிடைத்தன. முப்பத்து மூன்றாம் பெட்டியில், தண்டல் கடிதங்களுக்கு அடியில், தனியாக ஒரு உறையில் இருந்தன. காயல்பட்டினத்துக்காரர் வந்த அன்றைக்கு நான் அந்தப் பெட்டியைத் திறந்திருந்தேன். மேலே இருந்ததைப் பார்த்துவிட்டு மூடியிருந்தேன். ஏழு கடிதம். ஒவ்வொன்றின் அடியிலும் அவர் தாத்தாவின் கையெழுத்து, தமிழில் ஒன்று, பக்கத்தில் அரபு எழுத்தில் ஒன்று. கடைசிக் கடிதத்தில், 'பிள்ளைக்கு நடை வந்ததா, எழுதவும்' என்று ஒரு வரி இருந்தது. நான் அதை வாசித்தேன். அவள் அடிப்பதை நிறுத்தினாள்.

"மறுபடி வாசி," என்றாள்.

வாசித்தேன். இரண்டு பேரும் அன்றைக்கு அதற்குமேல் வேலை செய்யவில்லை. ஏழையும் படமெடுத்து, அந்த வரியை மட்டும் நான் தெளிவாக எடுத்து எழுத, அவள் குவைத்துக்கு அனுப்பினாள்.

இரண்டாவது வாரம் ஒரு நாள் அவள் சாப்பாட்டு டப்பாவோடு மேலேயே இருந்தாள். சுறாப் புட்டு. பாதியை மூடியில் எடுத்து என் பக்கம் தள்ளினாள். "அம்மா செய்யச் சொல்லிப் பக்கத்துல உக்காந்து சொல்லித் தந்தா. உப்பு கம்மியா இருக்கும்," என்றாள். கம்மியாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "சொல்லேன்ளா, கம்மிதான?" என்றாள். "கம்மிதான்," என்றேன். அவள் லேசாகச் சிரித்தாள். பழைய மாதிரி ஆகிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். அப்படி ஆகவில்லை.

மூன்று வாரத்தில் பதினான்கு பெட்டியும் முடிந்தது. ஃபைண்டிங் எய்டில் ஏதாவது மாற்றினால், என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு திருத்தக் குறிப்பு எழுத வேண்டும். அது எல்லோரும் பார்க்கும்படி அங்கேயே நிற்கும். என்னை எழுதச் சொன்னாள். 'நிர்வாகக் காரணங்களால் பெட்டி எண்கள் மாற்றப்பட்டுள்ளன' என்று அடித்தேன்.

"அது பொய்," என்றாள்.

அழித்தேன். வேறு நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். கடைசியில் இப்படி நின்றது: 'பெருமழைக்குப் பின் 31 முதல் 44 வரையுள்ள பெட்டிகளின் எண்கள் மாறின. இது தெரிந்திருந்தும் முதல் வெளியீட்டில் தெரிவிக்கப்படவில்லை. இப்போது தாள் தாளாகப் பார்த்துத் திருத்தப்பட்டது.'

"'தெரிந்திருந்தும்' வேணுமா?" என்று அவள்தான் கேட்டாள்.

"இருக்கட்டும்."

கீழே திருத்தியவர்கள் என்று எங்கள் இரண்டு பேர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வந்தது. ஒரே அளவு என்பதை நான் கவனித்தேன். கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

சில நாள் கழித்துக் குவைத்திலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது, அவள் எண்ணுக்கு. ஸ்பீக்கரில் போட்டாள். காயல்பட்டினத்தில் அவருடைய மனைவி அந்தக் கடிதத்தைப் பெரிதாக்கிப் பெரியவருக்குக் காட்டினாராம். நடை வந்ததா என்று கேட்ட வரியைப் பெரியவர் நான்கு தடவை வாசிக்கச் சொன்னாராம். பிறகு போனை வாங்கி மடியிலேயே வைத்துக்கொண்டாராம். "அந்த லிஸ்டைப் போட்ட மேடத்துக்கு அல்லா பரக்கத் செய்யட்டும்," என்று அவர் குரல் முடிந்தது. மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். மனசு நிறைந்துபோனது. அதே நேரத்தில், 'மேடம்' என்று சொன்னாரே, 'மேடங்கள்' என்று சொல்லவில்லையே என்றும் இருந்தது. அந்த இரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திட்டம் முடிந்ததும் அவளுக்கு மதுரையில் வேலை கிடைத்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இப்போது எங்கள் ஃபைண்டிங் எய்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக ஏதாவது வந்தால் அதே அமைப்பில், அதே பெயர்களில் நானே ஏற்றுகிறேன். தெரியாததை அவளிடம் கேட்கிறேன். கேட்டால் சொல்கிறாள்.

போன மாதம் அவள் மதுரையில் ஒரு புதிய பட்டியலை வெளியிட்டாள். பழைய நிலப்பத்திரங்களும் குடும்பக் கடிதங்களும். இணைப்பை எனக்கு அனுப்பவில்லை. நானே தேடிக் கண்டுபிடித்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எதற்குப் படித்தேன் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. தப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஒன்று கிடைத்தது. நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு எழுதுவார்கள். அதோடு எண்ணூற்றுச் சொச்சம் கூட்டினால்தான் இப்போதைய கணக்குக்கு வரும். ஒரு கோப்பில் கூட்டாமல் அப்படியே போட்டிருந்தார்கள். அதன்படி அந்த விற்பனைப் பத்திரத்துக்குத் தொள்ளாயிரம் வயது ஆகியிருந்தது.

உடனே போன் போட்டேன். "ஏளா, உன்கிட்ட சோழ ராஜா காலத்துக் காகிதம் ஒண்ணு கெடக்கு."

"எங்கன?" அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சிரித்துவிட்டாள். "எந்தக் கோப்பு, சொல்லு."

சொன்னேன். பத்து நிமிடத்தில் திருத்திவிட்டாள். திருத்தக் குறிப்பில், பிழையைச் சுட்டியவர் என்று என் பெயரையும் போட்டிருந்தாள். அதைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு பக்கத்தின் மேலே போய் அந்தத் தொகுப்புக்கு அவள் எழுதிய முன்னுரையைப் படித்தேன். எங்களுடையதைவிட நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது. வயிறு எரிந்தது.

நூலகத்துக்குப் போய் எங்கள் தொகுப்பின் முன்னுரையைத் திறந்தேன். அவள் எழுதிய வரிகளுக்குக் கீழே, சலாப நாட்குறிப்புகளைப் பற்றி அவளுக்குத் தெரியாத, எனக்குத் தெரிந்த ஒரு வரியை எழுதினேன். சரியில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.